சட்டக் கல்லூரி வாயிலும் மாணவர் மன்றமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆடலும் பாடலும் நிறைந்த இந்த மாலைப் பொழுதில் ஒருவன் சட்டத்தைப் பற்றிப் பேச எழுந்தால், சிற்றுண்டி நேரம் தள்ளிப் போய்விடுமோ என்று சிலர் அஞ்சக்கூடும். அந்த அச்சம் வேண்டா. எனக்கு அளித்த நேரம் இருபது நிமிடம். எனக்கு அளித்த பொருளோ ஒரே ஒரு கேள்வி. சட்டம் பயில விரும்பும் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே மாணவர் மன்றங்களில் சேர்ந்து பழகினால், பின்னர்ச் சட்டக் கல்லூரியில் இடம் பெற அஃது உதவுமா, உதவாதா? இதுவே அந்தக் கேள்வி.

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வியன்று. முன்பெல்லாம் நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால், "பொறியியலா, மருத்துவமா?" என்ற இரண்டு வினாக்களே எழும். இப்போது சட்டம் என்னும் மூன்றாவது வழியும் வீடுதோறும் பேசப்படுகிறது. பெண்மக்கள் பலர் அவ்வழியை விரும்பிக் கேட்கின்றனர். கேட்டவுடன் வீடு இரண்டு கட்சியாகப் பிரிகிறது. "சொற்போர் மன்றத்தில் சேர வேண்டும், மாதிரி ஐ.நா. சபைக்குச் செல்ல வேண்டும், சான்றிதழ்கள் சேர்க்க வேண்டும். அவை இன்றி யார் இடம் கொடுப்பார்கள்?" என்பது ஒரு கட்சி. "மன்றமும் வேண்டா, மண்டபமும் வேண்டா, பயிற்சி நிலையத்துப் புத்தகத்தை நெட்டுருப் போட்டால் போதும்" என்பது மற்றொரு கட்சி. ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டு மாலை நேரங்களும், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒன்றின் சேமிப்பும் இந்த வழக்கின் தீர்ப்பை நம்பியிருக்கின்றன. ஆகவே இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

வாயிலைக் கடக்க விரும்புகிறவன் முதலில் அந்த வாயில் எப்படித் திறக்கிறது என்பதை அறிய வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்தவுடன் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் முறைக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது, பெங்களூரில் 1988-ஆம் ஆண்டு வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளி. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் மாதவ மேனன் அவர்கள். அதனைப் பின்பற்றிப் பிற மாநிலங்களிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தியது. மாணவர்கள் ஊர் ஊராக இரயிலேறி அலைந்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியே பணம் கட்டினார்கள். இந்த அல்லலைப் போக்க வேண்டி 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது. அதன் பயனாக 2008-ஆம் ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்கள் ஒன்று கூடிப் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை நடத்தத் தொடங்கின. மாணவர் வழக்கில் அதன் பெயர் 'கிளாட்'. இன்று இருபதுக்கு மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இத்தேர்வின் வழியாகவே மாணவர்களைச் சேர்க்கின்றன. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 2023-இல் தொடங்கிய ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் இதே தேர்வுதான். தில்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் தனக்கெனத் தனித் தேர்வு நடத்துகிறது.

இத்தேர்வை எழுதுவோர் பல பதினாயிரம் பேர். இடங்களோ சில ஆயிரம். அவ்விடங்களை நிரப்புவதற்குக் கொள்ளும் அளவு, தேர்வில் பெற்ற மதிப்பெண்ணும் அதன் மேல் இட ஒதுக்கீட்டு விதிகளுமே. நேர்முகம் இல்லை. கட்டுரை இல்லை. பரிந்துரைக் கடிதம் இல்லை. எந்த மன்றத்தில் செயலாளராக இருந்தாய், எந்த மேடையில் கோப்பை வாங்கினாய் என்று கேட்பாரும் இல்லை. சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கோ நுழைவுத் தேர்வே கிடையாது. மேனிலைப் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே அங்கு அளவுகோல். ஆகவே, மன்றத்தில் உறுப்பினர் என்ற பெயருக்கு ஒரு மதிப்பெண்ணாவது உண்டா என்று கேட்டால், நம் நாட்டின் இந்தப் பெருவாயில்களில் அதற்கு அரை மதிப்பெண்ணும் இல்லை என்பதே விடை. எழுத்துத் தேர்வுக்குப் பின் நேர்முகம் வைக்கும் தனியார் நிறுவனங்கள் சில உள. அங்குங்கூடப் பிள்ளைக்குக் கைகொடுப்பது பேசிப் பழகிய தெளிவே. சான்றிதழ்க் கட்டு அன்று.

அப்படியாயின், "மன்றத்தில் சேர்" என்னும் அறிவுரை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அது கடல் கடந்து வந்த அறிவுரை. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே மூன்றாண்டுச் சட்டக் கல்விக்குள் புக இயலும். ஆகவே, சட்டத்தை நாடும் கல்லூரி மாணவர்கள் அங்கே 'சட்ட முன்மாணவர்' மன்றங்கள் அமைத்துக்கொள்கின்றனர். வழக்கறிஞர்களை அழைத்துப் பேசச் செய்வதும், மாதிரித் தேர்வுகள் எழுதுவதும், சட்டக் கல்லூரிகளை நேரிற் சென்று காண்பதும் அம்மன்றங்களின் வேலை. அங்குச் சேர்க்கையில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும், 120 முதல் 180 வரை மதிப்பிடப்படும் எல்சாட் தேர்வும் தலையாய இடம் பெறுகின்றன. அவற்றோடு மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும், அவன் ஈடுபட்ட பணிகளின் பட்டியலும் பார்க்கப்படுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் கழகம், சட்டத்துக்கு முன் இன்ன பாடத்தைத்தான் படிக்க வேண்டும் என்று எதனையும் பரிந்துரைப்பதில்லை. அங்கும் மன்ற உறுப்பினர் என்பது விண்ணப்பத்தில் ஒரு வரி, அவ்வளவே. அந்த மன்றத்தின் வாயிலாக ஒரு மாணவி ஏழைகளுக்கான சட்ட உதவி நிலையத்தில் ஓராண்டு உழைத்திருந்தால், அவள் எழுதும் கட்டுரைக்கு உயிருள்ள பொருள் கிடைக்கும். அவளை அறிந்த ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுதவும் கூடும். மாதம் ஒரு முறை தேநீர் அருந்திவிட்டு வந்திருந்தால் அந்த ஒரு வரி ஒரு வரியாகவே நிற்கும். எனவே, உறுப்பினர் என்ற பெயர் அங்கும் கதவைத் திறப்பதில்லை. செய்த வேலைதான் திறக்கிறது.

இந்த வேறுபாட்டை நன்றாக விளக்குவது காந்தியடிகளின் மாணவ வாழ்க்கை. அவர் 1888-ஆம் ஆண்டு இலண்டனுக்குச் சென்று, இன்னர் டெம்பிள் என்னும் பாரிஸ்டர் கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வில் வெற்றி பெற்றால் மட்டும் போதாது. பன்னிரண்டு பருவங்களில் கழகத்தின் விருந்துகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை கலந்துகொண்டிருக்கவும் வேண்டும். ஒரு காலத்தில் மாணவரும் மூத்த வழக்கறிஞரும் ஒருங்கே அமர்ந்து உண்டு, சட்டம் பேசி, தொழில் பழகிய வழக்கத்தின் எச்சம் அது. அவர் சென்ற நாளில் பேச்சு போய்விட்டது. உணவு மட்டும் நிலைத்திருந்தது. நான்கு பேருக்கு இரண்டு குப்பி மது என்பது கணக்கு. அடிகள் மதுவைத் தொடுவதில்லை ஆகையால், அவரைத் தங்கள் மேசைக்கு நாலாமவராக அழைத்துக்கொள்ளப் பலர் போட்டியிட்டனர் என்று 'சத்திய சோதனை'யில் அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். அவ்விருந்துகள் தம்மை எவ்வாறு நல்ல வழக்கறிஞராக்கும் என்பது அவருக்கு அன்றும் விளங்கவில்லை, பின்னரும் விளங்கவில்லை.

அதே இலண்டனில் அவர் இன்னொரு சங்கத்திலும் சேர்ந்திருந்தார். அது மரக்கறி உணவாளர் சங்கம். சட்டத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அங்கே அவர் நிர்வாகக் குழுவில் இருந்தார். தவறாமல் கூட்டங்களுக்குச் சென்றார். சங்கத்தின் இதழில் கட்டுரைகள் எழுதினார். எழுந்து பேசக் கூச்சம் தடுத்தபோது, தம் கருத்தைத் தாளில் எழுதிக் கொண்டுபோனார். அதனை வேறொருவர் படித்தார். ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு, அதனை வரிசைப்படுத்தி, எதிர்க்கருத்தையும் மதித்து எழுதும் பழக்கம் அவருக்கு அங்கே வாய்த்தது. 1891-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருக்குப் பாரிஸ்டர் பட்டம் கிடைத்தது. விருந்துகள் அந்தப் பட்டத்துக்குப் பயன்பட்டன. குழுவில் செய்த பணி அவர் வாழ்நாள் முழுவதுக்கும் பயன்பட்டது. ஆகவே நம் பிள்ளை ஒரு மன்றத்தில் சேரும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அது விருந்து மன்றமா, வேலை மன்றமா?

இனி வேலை மன்றம் நம் நுழைவுத் தேர்வுக்கு எவ்வாறு உதவும் என்பதைப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டு முதல் கிளாட் தேர்வின் அமைப்பே மாறிவிட்டது. முன்போலத் தனித்தனி வினாக்கள் இல்லை. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட உரைப்பகுதியைக் கொடுத்து, அதன் மேல் வினாத் தொடுக்கிறார்கள். ஆங்கிலம், நடப்புச் செய்தியும் பொது அறிவும், சட்டச் சிந்தனை, தருக்கச் சிந்தனை, அடிப்படைக் கணக்கு என ஐந்து பிரிவுகள். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து மொத்தம் 120 வினாக்கள். நேரம் 120 நிமிடம். அதாவது, பகுதியைப் படிப்பதற்கும் சேர்த்து வினா ஒன்றுக்கு ஒரு நிமிடம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. தேர்வு ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. சட்டச் சிந்தனைப் பகுதிக்குச் சட்ட அறிவு முன்கூட்டியே தேவையில்லை என்றும், கொடுத்த விதியைக் கொடுத்த நிகழ்ச்சிக்குப் பொருத்திக் காட்டும் ஆற்றலே தேவை என்றும் தேர்வு நடத்துவோரே கூறுகின்றனர்.

இதற்கு நம் குடியிருப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கற்பனை செய்து சொல்கிறேன். விதி இது: "பிறருக்கு உரிய இடத்தில் அவருடைய இசைவின்றித் தன் விருப்பத்தோடு நுழைவது அத்துமீறல், தனக்கு உரிய இடம் என்று நம்பி நுழைந்தாலும் அஃது அத்துமீறலே." நிகழ்ச்சி இது: ஓர் அதிகாரி வெளியூர்ப் பயணம் முடித்து நள்ளிரவில் திரும்புகிறார். மின்சாரம் இல்லை. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே வார்ப்பு. தம் வீடு என்று எண்ணி அடுத்த வீட்டு வெளிக்கதவைத் திறந்து, தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து இளைப்பாறுகிறார். அவர் செய்தது அத்துமீறலா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். "பாவம், அவர் என்ன செய்வார்!" என்று தாய்மார்கள் சொல்வதும் என் காதில் விழுகிறது. அந்த இரக்கம் நல்ல உள்ளத்தின் அடையாளம். ஆயினும் தேர்வில் அதற்குக் கால் மதிப்பெண் கழிந்துவிடும்! "நம்பி நுழைந்தாலும்" என்று விதி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே அது அத்துமீறல்தான். சரி, யாரோ ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளியதால் அவர் அந்த வீட்டுத் தோட்டத்துக்குள் விழுந்திருந்தால்? அப்போது "தன் விருப்பத்தோடு" என்னும் சொற்கள் அவரைக் காப்பாற்றும். ஒரு சொல்லில் குற்றம். இன்னொரு சொல்லில் விடுதலை. இதுவே சட்டப் படிப்பின் அரிச்சுவடி.

இப்பயிற்சியை ஒரு பிள்ளை தனி அறையில் செய்தால், விடைத்தாளைத் திருப்பிப் பார்த்து, "தவறு" என்று குறித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து செய்தால் நிலை வேறு. ஒருவன் "அத்துமீறல் இல்லை" என்பான். "எந்தச் சொல்லைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்று ஒருத்தி மடக்குவாள். அவன் மீண்டும் படிப்பான். படித்ததை மீண்டும் படிக்கச் செய்வதுதான் நல்ல மன்றம் செய்யும் பேருதவி. நம் பிள்ளைகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். மூன்றையும் பேசுகிறார்கள், ஆனால் ஆங்கிலத்தில் நீண்ட பகுதியை விரைந்து படித்து, பிறர் எதிரில் அதைக் காரணத்தோடு விளக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். படிப்பதும், கேட்பதும், அவையில் அஞ்சாது சொல்வதும் தனித்தனியே பழக வேண்டியவை என்று அவர் கருதினார் போலும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேடைப் பேச்சில் வெல்லும் பிள்ளை தேர்வில் வெல்லும் என்ற உறுதி இல்லை. மேடையில் குரலும் மிடுக்கும் துணை செய்யும். தேர்வுக் கூடத்தில் கண்ணும் பொறுமையும் மட்டுமே துணை. வெளியூர்ப் போட்டிகளுக்குச் சென்று, கட்டணம் கட்டி, கோட்டுத் தைத்து, மூன்று நாள் பள்ளியை விட்டு, ஒரு சான்றிதழோடு திரும்பும் பழக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் நட்டத்தையே தரும். மன்றத்தின் பதவிக்காகப் போட்டியிட்டு, நட்பைக் கெடுத்துக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. மாலை முழுவதும் விழா ஏற்பாட்டில் கழிந்தால் அன்று படித்த பக்கம் எத்தனை என்று கேளுங்கள். விடை 'ஒன்றுமில்லை' என்று வருமானால், அந்த மன்றத்துக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு வெளியே வந்துவிடலாம்.

மாணவர்களே ஒன்றுகூடிப் பிறருக்குச் சட்டக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்த வரலாறும் நம் நாட்டில் உண்டு. கல்கத்தாவிலுள்ள தேசிய நீதியியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஷம்னாத் பஷீர் அவர்கள் 2010-ஆம் ஆண்டு 'ஐடியா' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே நிறைந்திருப்பதைக் கண்டு அவர் வருந்தினார். சட்டம் பயிலும் மாணவர்கள் தொண்டர்களாகச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் ஏழை மாணவர்களிடமும் சென்று, "சட்டப் படிப்பு என்று ஒன்று உண்டு, அதற்கு இன்ன தேர்வு" என்று எடுத்துரைத்தனர். ஆர்வமும் திறமும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தனர். இடம் கிடைத்தவர்களுக்குக் கட்டண உதவிக்கும் வழி தேடினர். பஷீர் அவர்கள் 2019-ஆம் ஆண்டு இளவயதிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. கண்பார்வையற்ற மாணவரும் கூலித் தொழிலாளரின் மக்களும் அந்த வழியாகச் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்திருக்கின்றனர். அந்த மாணவர்களுக்கு உதவியது உறுப்பினர் அட்டை அன்று. அவர்களுக்கு இல்லாதிருந்த செய்தியையும் புத்தகத்தையும் பயிற்சியையும் ஒரு கூட்டம் சுமந்து சென்று கொடுத்தது, அதுவே உதவியது.

அன்பர்களே! நம் சங்கத்தின் முன் ஒரு சிறிய வேண்டுகோளை வைக்கிறேன். சங்கத்துக்கு ஓர் அறை இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பூட்டியே கிடக்கிறது. அந்த அறையில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒரு படிப்பு வட்டம் நடத்தலாம். முதல் அரைமணி மௌனமாக ஒரு தலையங்கமோ கட்டுரையோ படிக்கட்டும். அடுத்த ஒரு மணி, விதியும் நிகழ்ச்சியும் கொடுத்து வாதிடட்டும். கடைசி அரைமணி, ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும். மாதம் ஒருமுறை, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள் ஒன்றை எழுதட்டும். பழைய வினாத்தாள்களைத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பே தன் இணையதளத்தில் விலையின்றி வெளியிடுகிறது. கணக்குப் பகுதிக்கு நம்மிடையே ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரிகள் உள்ளனர். ஆங்கிலத்துக்கு ஆசிரியைகள் உள்ளனர். சட்டத்துக்கு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானும் வருவேன்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, இந்த வட்டத்துக்குத் தலைவர், செயலாளர் முதலிய பதவிகள் வேண்டா, சான்றிதழும் வேண்டா. இரண்டாவது, ஒரு காசும் வாங்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணமே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இடம் கிடைத்த பின் கல்லூரிக் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு முன்னரே பயிற்சிக்கென்று பெருந்தொகை கொடுக்க இயலாத வீடுகள் நம்மிலும் உள்ளன. மூன்றாவது, நம் வாயிற்காவலரின் மகனுக்கும், துணி தேய்ப்பவரின் மகளுக்கும் அந்த அறையில் இடம் உண்டு என்று முதல் நாளே அறிவிக்க வேண்டும். அவர்கள் பேசும் மொழி எதுவாயினும் ஆகுக. பிழைப்பைத் தேடி வந்த நமக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது. நாம் ஒரு பாயில் இடம் கொடுப்பது பெரிதன்று.

அந்த வட்டத்தில் அமரும் இருபது பேரும் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று நான் வாக்களிக்கவில்லை. இரண்டொருவர் நுழையலாம். மற்றவர்கள் வேறு துறைக்குச் செல்வார்கள். ஆனால் அந்த மற்றவர்களும் நாளை ஒரு வாடகை ஒப்பந்தத்தையோ, காப்பீட்டுப் பத்திரத்தையோ, அலுவலக ஆணையையோ கையில் எடுக்கும்போது, கையெழுத்து இடுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிப்பார்கள். ஒரு குடியிருப்புக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

ஆகவே பெற்றோர்களுக்கு என் விடை இதுதான். மன்றத்தின் பெயரைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்; மன்றம் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சி ஒதுக்கவும் செய்யாதீர்கள். அங்கே பிள்ளை என்ன படிக்கிறது, என்ன எழுதுகிறது, யாருக்கு விடை சொல்கிறது என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், அம்மன்றம் சட்டக் கல்லூரிக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.